நெத்திலி காயும் நேரத்தில் ஒரு சோதனை

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 'உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு' என்று கேட்டவுடன் ஒப்பிக்கிறாள். ஆனால் தானாக எதையும் செய்துபார்க்கத் தெரியவில்லை. ஆய்வகம் எதுவும் இல்லாத வீட்டில் எப்படிப் பழக்குவது?
– ஒரு தாய், பாம்பன்

பதில்: பாம்பனில் இருந்துகொண்டு ஆய்வகத்தைத் தேடலாமா? ஒரு கிலோ நெத்திலி வாங்குங்கள். வெறும் மணலில் பரப்பினால் சீக்கிரம் காயுமா, உயரக் கட்டிய வலை மேல் போட்டால் சீக்கிரம் காயுமா? மகளிடம் கேளுங்கள். 'கருதுகோள்' என்ற சொல்லை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். "நீ என்ன நினைக்கிற, ஏன் அப்படி நினைக்கிற?" என்றால் போதும். பதிலை நோட்டில் தேதியோடு எழுதிவிட்டுத்தான் மீனைத் தொட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு கேட்டால், "நான் அப்பவே நினைச்சேன்" என்று நாமே சொல்லுவோம், பிள்ளை சொல்லாதா?

ஒரே அளவு மீனாகப் பொறுக்கி, பக்கத்துக்கு இருபது. சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே வெயிலில் வைத்து, மணிக்கு ஒருமுறை எடை குறிக்கட்டும். மீனில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். அதனால் எடை குறைவது அன்றைக்கே தெரியும். ஒரு பக்கத்துக்கு மட்டும் உப்புத் தடவினாள் என்றால் திட்டாதீர்கள். "இது முந்தினது உப்பாலயா, வலையாலயா?" என்று மட்டும் கேளுங்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. மணலில் கிடந்த மீன் காயக் காய எடை கூடியதுபோல் காட்டலாம். காரணம், ஒட்டிய மணல். நீங்கள் சொல்லிவிடாமல் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டமான பகுதி. அவளே கொசுவலைத் துண்டு ஒன்றை மணலில் விரிப்பாள். அப்போது, "மேலே இருக்கிற மீனுக்கு?" என்று கேளுங்கள். அங்கேயும் அதே துண்டு விரிக்காவிட்டால் இன்னொரு வித்தியாசம் புகுந்துவிடும். அப்புறம் காகம். இரண்டைத் தூக்கிப் போய்விட்டால் சோதனை பாழில்லை. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று குறித்துவிட்டு, மொத்த எடையை மீதமுள்ள மீன்களின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லுங்கள். சராசரிக் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

ஒரு நாள் முடிவை நம்ப வேண்டாம். கச்சான் காற்று பலமாக வீசும் நாளில் ஒருமுறை, புழுக்கமான நாளில் ஒருமுறை செய்யட்டும். எது முந்தும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆச்சி சொன்னதற்கு மாறாக வந்தாலும் அப்படியே எழுத வேண்டும். நோட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

கடல் ஏன் நீலம் என்று அவள் கட்டாயம் கேட்டிருப்பாள். வானத்தின் பிரதிபலிப்பு என்று இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். 1921இல் இங்கிலாந்து போய்த் திரும்பிய கப்பலில் சர் சி.வி. ராமன் ஒரு சிறு பட்டகத்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை. உங்கள் மகள் விரிக்கும் கொசுவலைத் துண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது: குழப்பும் ஒன்றை நீக்கிவிட்டுப் பார்ப்பது.

அடுத்த சோதனைக்கான கேள்வியை அவளே கொண்டுவரட்டும். அநேகமாக உப்புப் போட்ட மீனாகத்தான் இருக்கும். இன்னொரு கிலோ நெத்திலிக்குக் காசு எடுத்து வையுங்கள்.