சாட்சியங்களைப் பாடமாக்கும் பணிக்கு நன்கொடை: எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் 74 வயது ஓய்வுபெற்ற பொறியாளர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். நாஜிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பிய ஒருவரின் காணொளிச் சாட்சியம் என் பேத்தியின் பள்ளியில் பாடமாக இருந்தது. அவளோடு நானும் பார்த்தேன். இத்தகைய கல்விக்கு 10,000 டாலர் கொடுக்க விரும்புகிறேன். வங்கியிலிருந்து காசோலை கொடுக்கலாமா? ஐஆர்ஏ எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து இந்த ஆண்டு சட்டப்படி கட்டாயமாக எடுக்க வேண்டிய 18,000 டாலர் எனக்குச் செலவுக்குத் தேவையில்லை. வரிப் படிவத்தில் செலவுகளைத் தனித்தனியே பட்டியலிடாமல், எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவையே எடுக்கிறேன்.

பதில்: வங்கிக் காசோலை வேண்டாம். ஐஆர்ஏ கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு எழுதி, 10,000 டாலரை அங்கிருந்தே நேரடியாக அறக்கொடை அமைப்புக்கு அனுப்பச் செய்யுங்கள். எழுபதரை வயது நிறைந்தவர்களுக்கு அமெரிக்க வரிச் சட்டம் இதை அனுமதிக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒருவருக்கு 1,08,000 டாலராக இருந்தது. இவ்வாறு செல்லும் தொகை உங்கள் வருமானத்தில் சேராது. அதே சமயம், எடுத்தாக வேண்டிய 18,000 டாலரில் அது கழிந்துவிடும். நீங்கள் 22 விழுக்காட்டு வரி அடுக்கில் இருந்தால், மத்திய வரியில் மட்டும் 2,200 டாலர் மிச்சமாகும். நிலையான கழிவை எடுப்பவர் வங்கியிலிருந்து கொடுத்தால், தனிநபருக்கு 1,000 டாலர், தம்பதியருக்கு 2,000 டாலர் என்று 2026 முதல் வந்துள்ள சிறு கழிவைத் தவிர வேறு பயன் இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கட்டாயத் தொகை முழுவதையும் நீங்கள் கையில் வாங்கிவிட்டால், பிறகு அதை நன்கொடையாக மாற்றி வரியிலிருந்து தப்பிக்க முடியாது. ஆகவே பணம் எடுப்பதற்கு முன்பே அமைப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி, யாருக்குக் கொடுப்பது? தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளை, திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கியது (‘ஷோவா’ என்பது யூத இனப்படுகொலையைக் குறிக்கும் எபிரேயச் சொல்). அதன் காப்பகத்தில் 55,000க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. ஆர்மேனிய இனப்படுகொலை, சீனாவின் நான்ஜிங் நகரப் படுகொலை, கம்போடியா, ருவாண்டா ஆகியவற்றின் கொடுமைகளிலிருந்து தப்பியவர்களின் குரல்களும் அங்கே இருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ட்டுனாஃப் காப்பகமோ யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களின் சாட்சியங்களைக் காணொளியாகப் பதிவுசெய்ய 1979இல் நியூ ஹேவன் நகரில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது. உங்கள் மாநிலம் இனப்படுகொலைக் கல்வியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது 1994இல். ருவாண்டாவில் டுட்சி மக்கள் கொல்லப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் சட்டம் இருப்பதாலேயே வகுப்பறை தயாராகிவிடாது. பல மணி நேரம் நீளும் ஒரு பதிவில் எந்தப் பகுதியை, எந்த வயது மாணவருக்கு, எந்த முன்னுரையோடு காட்டுவது என்று ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். பதிவுகளுக்குச் சொல்லடைவும் வசன வரிகளும் வேண்டும். பழைய ஒளிநாடாக்களைப் புதிய வடிவங்களுக்கு மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். தப்பியவர்கள் முதுமையால் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில், இந்தப் பணியே அவர்களை மாணவர்கள்முன் பேசவைக்கிறது. ஆகவே, நன்கொடைக் கடிதத்தில் ‘சாட்சியக் கல்விக்காக’ என்று பொதுவாக எழுதுங்கள். ஒரே ஒரு திட்டத்தின் பெயரைக் குறித்தால், அத்திட்டம் முடிந்தபின் பணம் முடங்கக்கூடும்.

வெளிநாட்டு அமைப்புக்கு ஐஆர்ஏவிலிருந்து நேரடியாக அனுப்பினால் இந்தச் சலுகை கிடைக்காது. அமெரிக்க வரித்துறையின் இணையத் தேடலில் அமைப்பின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நன்கொடைக்குப் பதிலாக விருந்து நுழைவுச்சீட்டு தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். கைம்மாறாக எதையும் பெற்றால் சலுகை போய்விடும். எதுவும் பெறவில்லை என்று குறிப்பிடும் ஒப்புகைக் கடிதத்தை, வரிப் படிவம் தாக்கல் செய்வதற்கு முன்பே வாங்கி வைத்திருங்கள்.