பதினைந்து வயதில் ‘ஃப்ரிடா’ பார்க்கலாமா?

வணக்கம் ஐயா,

என் மகளுக்குப் பதினைந்து வயது. நன்றாக வரைவாள். ஓவிய வகுப்பில் மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அன்றிலிருந்து சல்மா ஹயெக் நடித்த ‘ஃப்ரிடா’ படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். முதலில் நான் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே காதலனோடு அலமாரிக்குள் இருக்கும் காட்சி. அணைத்துவிட்டேன். வரைகிற பெண்ணை இதிலிருந்து தடுப்பதும் மனதுக்கு ஒப்பவில்லை. பதினொரு வயதுத் தம்பி வேறு நானும் பார்ப்பேன் என்கிறான். என்ன செய்யலாம்?

ச., கோவை

அன்புள்ள ச.,

முதலில் மீதிப் படத்தையும் நீங்கள் பார்த்து முடியுங்கள். நீங்கள் அணைத்த இடத்தில் கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதைவிடத் துணிச்சலான காட்சிகள் பின்னால் உண்டு, இரண்டு பெண்களுக்கு இடையிலான ஒன்று உட்பட. ஜூலி டேமர் இயக்கி 2002-இல் வெளிவந்த இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ். பதினேழு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ வேறு பெரியவரோ கூட வரவேண்டும். நியாயமான ஏற்பாடுதான். உங்கள் மகளும் பார்க்கட்டும், உங்களோடு பார்க்கட்டும். தனியாகச் செல்போனில் வேண்டாம்.

அந்த இரு பெண்கள் காட்சிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் நெருக்கடியால்தான் அந்த நிர்வாணக் காட்சியைச் சேர்க்க வேண்டிவந்தது என்று 2017-இல் ஹயெக் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். படப்பிடிப்பு அன்று அழுகையும் வாந்தியுமாக, மாத்திரை போட்டுக்கொண்டு நடித்தாராம். வைன்ஸ்டீன் தரப்பு இதை மறுத்தது. ரிமோட்டை எடுத்து அந்த இடத்தை ஓட்டிவிடாமல், இந்தக் கதையை மகளிடம் சொல்லுங்கள். பதினைந்து வயதுக்கு நன்றாகவே புரியும்.

எனக்கு உறுத்துவது நிர்வாணம் அல்ல, ஃப்ரிடாவின் கணவர் டியேகோ ரிவேரா. ஆல்ஃபிரட் மொலினா அந்த வேடத்தை அவ்வளவு வசீகரமாகச் செய்திருக்கிறார். மனைவியின் தங்கையோடு உறவு வைத்துக்கொண்ட ஆளை நாமே பாதி மன்னித்துவிடுகிறோம். 1929-இல் கல்யாணம், 1939-இல் விவாகரத்து, அடுத்த வருடமே மறுபடி அவரையே கல்யாணம். ஒருவன் படுத்துகிற பாட்டையே ஆழமான காதல் என்று எடுத்துக்கொள்ளும் வயது உங்கள் மகளுக்கு. அந்த இரண்டாவது கல்யாணத்தைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று அந்த விபத்து. 1925 செப்டம்பர் 17, ஃப்ரிடாவுக்குப் பதினெட்டு வயது. பேருந்தும் டிராமும் மோதுகின்றன, இரும்புக் கைப்பிடிக் கம்பி இடுப்பைத் துளைத்துவிடுகிறது. படத்தில் ரத்தத்தில் கிடக்கும் உடம்பின் மேல் தங்கத்தூள் படிகிறது. அழகான காட்சிதான். ஆனால் கஷ்டம் வந்தால் கலை தானாக வந்துவிடும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதும் இங்கேதான். அதற்கு அப்புறம் வருவதைத்தான் நிறுத்திப் பார்க்கவேண்டும். அசையாமல் படுத்திருக்கும் பெண்ணுக்கு படுத்தபடியே வரைய அம்மா ஒரு சாய்வுப் பலகை செய்வித்துக் கொடுக்கிறார். கட்டிலுக்கு மேலே கண்ணாடி. எழுந்து போக வழியில்லை, மாடல் என்று வேறு யாரும் இல்லை, தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைகிறார். தினமும் வரைகிற உங்கள் மகளுக்கு இந்த இடம் உடனே பிடிபடும்.

படம் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். 1943 முதல் ஃப்ரிடா ஓவியப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். உடம்பு முடியாமல் போனபோது மாணவர்கள் அவர் வீட்டுக்கே வந்து கற்றார்கள். அடுத்த ஆண்டு வரைந்ததுதான் ‘உடைந்த தூண்’. முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் விரிசல் விட்ட கல்தூண், உடம்பைச் சுற்றி வார்ப்பட்டைகள், உடம்பெங்கும் ஆணிகள். கன்னத்தில் கண்ணீர் இருக்கிறது, முகம் அழவில்லை. படம் போடுவதற்கு முன்னாலேயே இதைக் கணினியில் பெரிதாகக் காட்டிவிடுங்கள். இதிலும் மார்பு மறைக்கப்படவில்லை. இதைப் பார்த்து நீங்களும் அவளும் இயல்பாகப் பேச முடிகிறது என்றால் படத்தையும் தாராளமாகப் போடலாம்.

தம்பிக்கு வேண்டாம். விபத்தும், டெட்ராய்ட்டில் கரு கலைவதும் பதினொரு வயதுக்கு அதிகம். அன்றைக்கு அவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.