உயிரியல் பூங்காவில் புலி ஏன் ஓயாமல் முன்னும் பின்னும் நடக்கிறது? அதை அடைத்து வைப்பது முறையா?

அடைப்பில் உள்ள விலங்கு, எந்தப் பயனுமின்றி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதை மீள்செயல் நடத்தை எனலாம். புலி வேலியோரமாக ஒரே தடத்தில் நடந்து, ஒரே இடத்தில் திரும்பி, அங்கே புல்லே முளைக்காதபடி தேய்த்துவிடும். யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குக் காரணம் பசியன்று. காட்டில் பரந்த நிலத்தில் உலவும் ஊனுண்ணிகளிடமே, அடைப்பில் இந்த நடையும் குட்டிகளின் இறப்பும் கூடுதலாக இருப்பதை 2003ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பனிக்கரடிக்குத் தரப்படும் வழக்கமான அடைப்பு, அதன் மிகக் குறைந்த இயற்கை உலாப்பரப்பில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். நாள் முழுதும் வயலில் உழைத்துப் பழகியவரை ஓர் அறையில் பூட்டி மூன்று வேளையும் சோறு போட்டால், வயிறு நிறைந்தாலும் கால் அடங்காமல் அவர் அந்த அறைக்குள்ளேயே உலாத்துவார் அல்லவா?

ஆனால் எல்லா விலங்குகளுக்கும் ஒரே தீர்ப்புப் பொருந்தாது. 1972இல் காட்டில் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மான், பூங்காக்களில் பேணப்பட்ட மந்தையிலிருந்துதான் 1982இல் ஓமானின் பாலைநிலத்தில் மீண்டும் விடப்பட்டது. அந்த அடைப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். வேடிக்கை காட்டுவதற்காகப் பனிக்கரடியை வைத்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

அடைப்பிலேயே பிறந்த விலங்குக்குக் காடு தெரியாது, ஆகவே குறையும் தெரியாது என்று பலர் எண்ணுவது தவறு. உலவும் உந்துதல் பிறப்போடு வருவதால், காட்டையே காணாத கரடிகளும் இப்படித்தான் நடக்கின்றன.