அரசு பூட்டி வைத்த மாத்திரை

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்க அதிபராக இருந்த தாபோ எம்பெக்கி, எய்ட்ஸ் அறிவியலைச் சந்தேகித்ததால் உயிர்கள் போயின என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தலைவர் எதை நம்பினால் என்ன, மருத்துவர்கள் தங்கள் வேலையைப் பார்த்திருப்பார்களே?

வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

மருத்துவர்களை அந்த வேலையைப் பார்க்க அரசு விடவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைக் குறைக்கும் நெவிரபின் என்ற ஒரு மருந்தை மட்டும் பாருங்கள். அன்றைய முறைப்படி, எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிரசவ வலி கண்டதும் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை மருந்துக் கரைசல். 3 கிலோ குழந்தைக்கு 0.6 மில்லிலிட்டர் கரைசல் போதும். உகாண்டாவின் கம்பாலாவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், ஏ.இசட்.டி. என்ற மற்றொரு எச்.ஐ.வி. மருந்தைக் குறுகிய காலம் பெற்ற பிரிவில் சுமார் 25 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று. நெவிரபின் பிரிவில் 13. 2000இல் தயாரிப்பு நிறுவனமே ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தர முன்வந்தது.

அரசோ மாகாணத்துக்கு இரண்டு என 18 சோதனை மையங்களோடு நிறுத்திக்கொண்டது. மற்ற அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் இந்த மாத்திரையை எழுதித் தரக் கூடாது என்றது. தனியார் மருத்துவரிடம் போக வசதியுள்ள தாய்க்குத் தடையே இருக்கவில்லை. இந்த அநியாயத்தை என்னால் இன்றும் ஆறிய மனத்தோடு வாசிக்க முடியவில்லை.

அரசு சொன்ன காரணங்கள் எல்லாமே பொய்யல்ல. ஒரு வேளை மருந்தாலேயே தாயின் உடலிலுள்ள வைரஸ் நெவிரபினுக்கு எதிர்ப்புப் பெறலாம். தாய்ப்பால் வழியே பின்னர் தொற்று வரலாம். பரிசோதனையும் ஆலோசகர்களும் இல்லாமல் மாத்திரை மட்டும் பயன் தராது. ஆனால் இவையெல்லாம் திட்டத்தைச் செம்மைப்படுத்த வேண்டிய காரணங்கள். ஆலோசகரும் பரிசோதனை வசதியும் இருந்த மருத்துவமனையிலும் மருந்தைத் தடுத்தது ஏன்? 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் இந்த இடத்தில்தான் அரசின் வாதத்தை நிராகரித்தது. தடையை உடனே நீக்கவும், மற்ற மருத்துவமனைகளுக்கும் ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கவும் உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தது 'சிகிச்சை நடவடிக்கைப் பிரச்சாரம்' என்ற மக்கள் இயக்கம்.

பெரியவர்களுக்கு எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தப் பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து சிகிச்சை இன்னும் தாமதமானது. அண்டை நாடான போட்ஸ்வானா 2002இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகள் 2004இல். அதற்குப் பிறகும், 2006இல் டொராண்டோவில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் அந்நாட்டின் அரங்கில் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் காட்சிக்கு இருந்தன. சுகாதார அமைச்சரே இவற்றைப் பரிந்துரைத்தால் நோயாளி எதை நம்பி மாத்திரையை விடாமல் விழுங்குவார்?

இந்தத் தாமதத்தால் நேர்ந்த இழப்பை ஹார்வர்டு ஆய்வாளர்கள் போட்ஸ்வானா, நமீபியாவோடு ஒப்பிட்டு மதிப்பிட்டார்கள்: 3,30,000க்கும் மேற்பட்ட மரணங்கள், தொற்றோடு பிறந்த 35,000 குழந்தைகள். அது 2000 முதல் 2005 வரையிலான கணக்கு மட்டும். எம்பெக்கி பதவி விலகியதும் சுகாதார அமைச்சர் மாற்றப்பட்டதும் 2008 செப்டம்பரில்.