உடம்பு குளிர்ந்தால் துடிப்பு தடுமாறுமா? வாசகர் கேள்விகள்

கே: அப்பாவுக்கு வீட்டிலேயே இதயம் நின்று, ஷாக் கொடுத்து மீட்டார்கள். பிறகு ஐசியுவில் உடம்பை 33 டிகிரிக்குக் குளிர வைத்தார்கள். மானிட்டரில் பல்ஸ் 44 என்று பார்த்ததும் எனக்குக் கை கால் உதறிவிட்டது. அந்தக் குளிரே இதயத்தைக் கெடுத்துவிடாதா?

ப: ஐசியுவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களும் அந்த எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள். 33 டிகிரி செல்சியஸ் என்றால் நம் வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் 91.4. அந்தக் குளிரில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்கள் மந்தமாகிவிடும். ரத்த அழுத்தம் சரியாக இருந்து, சிறுநீரும் இறங்கிக்கொண்டிருந்தால் 44-ஐ அப்படியே விட்டுவிடுவோம்.

எங்களுக்குக் கவலை தருவது பொட்டாசியம். குளிரும்போது அது ரத்தத்திலிருந்து செல்லுக்குள் போய்விடும். ரிப்போர்ட்டில் குறைகிறதே என்று தாராளமாக ஏற்றிவிட்டால், உடம்பைச் சூடாக்கும்போது உள்ளே போனதெல்லாம் திரும்பி வந்து துடிப்பைக் குழப்பும். அதனால்தான் சூடேற்றுவதை மணிக்குக் கால் டிகிரி, அரை டிகிரி என்று இழுத்துச் செய்கிறோம்.

சரி, குளிர வைக்கத்தான் வேண்டுமா? இதயம் நின்றவரின் மூளையைக் காப்பதற்கான இந்த முறை, 2002-ல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2021-ல் 1,800க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர வைத்தவர்களும், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் பிழைத்தார்கள். ஆனால் ரத்த ஓட்டத்தையே பாதிக்கும் துடிப்புக் கோளாறு குளிர வைத்தவர்களில் 24 சதவீதம், மற்றவர்களில் 17. இப்போது பல இடங்களில் 37.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கட்சியும் அதுதான். அதற்காக அப்பாவுக்குச் செய்தது தப்பு என்று நினைக்காதீர்கள். சாவு அதில் கூடவில்லை.

கே: உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிய ஒரு பெண் பிழைத்தார் என்று படித்தேன். கதையா?

ப: நிஜம். 1999 மே மாதம், நார்வேயின் நார்விக் அருகே பனிச்சறுக்கு போன ஆனா பாகென்ஹோம் என்ற டாக்டர் ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். இதயம் நின்றே போயிருந்தது. டிரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கி மீட்டார்கள். பின்னாளில் அதே மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்டாக வேலை பார்த்தார்.

குளிர் படிப்படியாகத்தான் இதயத்தைப் பிடிக்கும். 32 டிகிரிக்குக் கீழே மேலறைகள் நடுங்க ஆரம்பிக்கலாம். அதைப் பெரும்பாலும் மருந்து கொடுத்து விரட்ட வேண்டாம், சூடேறினால் தானே அடங்கும். ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கூரான கோட்டுக்குப் பின்னாலேயே ஒட்டகத் திமில்போல ஒரு மேடு தெரியும். ஆஸ்போர்ன் அலை என்போம். 28-க்குக் கீழே போனால் கீழறைகளே கட்டுப்பாடில்லாமல் துடிதுடிக்கும் அபாயம். மின்சாரம் இதயத்தின் ஒரு பகுதியில் வேகமாகவும் இன்னொன்றில் தாமதமாகவும் போவதால், அது சுற்றிச் சுற்றி வர வழி கிடைத்துவிடுகிறது. அந்த நிலையில் ஆளை முரட்டுத்தனமாகப் புரட்டினால்கூட அது கிளம்பிவிடும். ஆகவே விறைத்துக் கிடப்பவரை எழுப்பி நடக்க வைக்காதீர்கள், கை காலைத் தேய்க்காதீர்கள். படுத்த வாக்கிலேயே மெதுவாகத் தூக்குங்கள். பல்ஸையும் அவசரப்படாமல் ஒரு நிமிடம் வரை தேடிப் பாருங்கள்.

ஷாக்கும் அந்தக் குளிரில் சரியாகப் பிடிக்காது. 30-க்குக் கீழே மூன்று ஷாக் பலிக்காவிட்டால், சூடேறும்வரை மார்பை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டி.

கே: குழந்தைக்கு இதய ஆபரேஷன் முடிந்து பல்ஸ் 200-ஐத் தாண்டியது. உடனே உடம்பைக் குளிர வைத்தார்கள். மருந்து இல்லையா?

ப: மருந்தும் உண்டு. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள சந்திப்பு தன்னிச்சையாக ஓட ஆரம்பிக்கும் கோளாறாக அது இருக்கலாம். ஷாக்குக்கு அடங்காது. 34, 35 டிகிரிக்கு இறக்கினால் அந்தச் செல்களின் வேகம் குறைந்து, நாங்கள் பேஸ்மேக்கரை வைத்துத் துடிப்பைக் கைக்குள் கொண்டுவர இடம் கிடைக்கும். குளிர் நமக்கு வேலைக்காரனாக இருக்கும் இடம் இது.

கே: படபடப்பு வந்தால் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கலாமா?

ப: மேலறைப் பக்கத்திலிருந்து வரும் ஒருவகைப் படபடப்புக்குப் பலிக்கும். உடல் வெப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் வேலை. மயக்கம், நெஞ்சுவலி இருந்தாலோ ஏற்கெனவே இதயநோய் இருந்தாலோ வாளியை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

கே: தம்பிக்கு புருகாடா (பரம்பரையாக வரக்கூடிய ஒரு துடிப்புக் கோளாறு) என்றார்கள். உடம்பைக் குளிர்ச்சியாக வைத்தால் நல்லதா?

ப: குளிர வைக்க வேண்டாம், சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த நோயில் காய்ச்சல்தான் எதிரி. இதயச் செல்லில் சோடியம் நுழையும் வாசல் சூட்டில் இன்னும் மோசமாகிவிடும். காய்ச்சல் தொட்டதுமே பாராசிட்டமால் கொடுங்கள். இறங்கவில்லை என்றால், காய்ச்சல் இருக்கும்போதே ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். மறுநாள் காய்ச்சல் விட்ட பிறகு எடுத்தால் அந்தக் கோடு நல்லபிள்ளை மாதிரி இருக்கும்.