தானே சுத்தம் செய்துகொள்ளும் மெம்பரேன் திருப்பூர் சாயக்கழிவுக்கு உதவுமா?

கேள்வி: அழுக்கு ஒட்டாத, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் மெம்பரேன் வந்துவிட்டது என்கிறார்கள். சாயப்பட்டறைக் கழிவுநீருக்கு வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. பகுதியை, அதாவது நீரை அழுத்தி மெம்பரேன் என்ற சவ்வின் வழியே வடிக்கும் பகுதியை, கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அழுக்கு ஒட்டாத ரகத்தில், சவ்வின் மேல் நீரை ஈர்க்கும் பூச்சு கொடுக்கிறார்கள். அதில் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் எண்ணெயையும் புரதத்தையும் அண்டவிடாது. பலன் உண்டுதான். ஆனால் ஒருமுறை அழுக்கு படிந்துவிட்டால் அடுத்தது அதன் மேல்தான் உட்காரும். அடியில் கிடக்கும் பூச்சுக்கு அங்கே வேலையில்லை.

தானே சுத்தம் செய்துகொள்ளும் வகைக்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளி பட்டால் அது நீரைப் பிரிக்கிறது என்று 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் அதில் உண்டாகும் ஹைட்ராக்சில் என்ற தீவிர வினைத்துகள், கரிம அழுக்கைச் சிதைத்துவிடும். ஆய்வகத்தில் உள்ளங்கையளவு சவ்வின் மேல் விளக்கைக் காட்டினால் அழகாக நடக்கும். எங்களுடைய எட்டு அங்குலக் குழல் ஒன்றில் ஏறத்தாழ 37 சதுர மீட்டர் சவ்வு இறுகச் சுருட்டியிருக்கிறது. வெளிச்சம் எந்த வழியாகப் போகும்? தண்ணீரில் மிச்சமிருக்கும் நிறமே பாதிக் கதிரை விழுங்கிவிடுமே! போதாததற்கு, ஹைட்ராக்சிலுக்கு அழுக்கு, சவ்வு செய்யப்பட்ட பாலிமர் என்ற பேதம் கிடையாது. நாளடைவில் சவ்வையும் அரிக்கும். பீங்கான் சவ்வு தாங்கும், விலைதான் தாங்காது.

கழற்றிப்போட்ட பழைய குழலை அறுத்து விரித்துப் பாருங்கள். முன்வரிசைக் குழல் என்றால் வழவழவென்று பழுப்பு நிற நுண்ணுயிர்ப் படலம், அதன் மேல், சவ்வு அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் இடைவலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். கடைசிக் குழலில் விரலை வைத்துத் தேய்த்தால் நறநறக்கும்: கால்சியமும் சிலிக்காவும். படலத்தைக் கழுவக் காஸ்டிக் சோடா, கால்சியத்துக்குச் சிட்ரிக் அமிலம். சிலிக்கா இறுகிவிட்டால் இரண்டுக்கும் மசியாது. எந்த ஒளியும் அதைச் சிதைக்கப் போவதில்லை.

ஆகவே கையில் இருக்கும் பணத்தை ஆர்.ஓ.வுக்கு முந்தைய வேலைகளில் போடுங்கள்: உயிரியல் தொட்டி ஒழுங்காக ஓடட்டும், யு.எஃப். என்ற நுண்வடிகட்டியின் பின்னோட்டக் கழுவல் தவறாமல் நடக்கட்டும், கால்சியம் போன்றவை தரும் கடினத்தன்மையை, அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் முன்கூட்டியே இறக்கட்டும்.

அப்படியும் யாராவது விற்க வந்தால், சோதனை எந்தத் தண்ணீரில் நடந்தது என்று கேளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக மாட்டு இரத்தப் புரதம் கலந்த சுத்த நீர்தான் இருக்கும். உங்கள் தொட்டித் தண்ணீரில், அவர்கள் செலவில், சில மாதங்கள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.