கரிம வேதியியலில் இத்தனை பெயர்களையும் மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா?

எனக்குத் தெரிந்து இல்லை. தெரிந்தாலும் சொல்லித்தர மாட்டேன். மனப்பாடம் செய்து கெட்டவன் நான்.

கேள்வியில் தம்பி எழுதியிருப்பது இதுதான்: பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண். பதினொன்றில் கரிம வேதியியல் தொடங்கியதும் மெத்தேன், மெத்தனால், மெத்தனேல், மெத்தனாயிக் அமிலம் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது. சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியும் இரண்டு நாளில் மறந்துபோகிறது. (தம்பியா தங்கையா தெரியவில்லை, தங்கை என்றால் மன்னிக்கவும்.) அரசுப் பள்ளி, தமிழ் வழி, வீட்டில் கேட்டால் சொல்லித்தர ஆளில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் ரொம்ப நல்லது.

நான் ஆசிரியர் இல்லை. பி.எஸ்சி. வேதியியல், அதுவும் இரண்டாம் வகுப்பில் தேறியவன். ரப்பர் பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ஆய்வுக்கூட வேலை. நீட் பயிற்சி கொடுப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்கள் எழுதுவதுதான் தேர்வுக்கு உதவும் என்றால் தாராளமாக அதையே படியுங்கள். இந்தக் கேள்வி என் பழைய புண் ஒன்றில் கை வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

2003. பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையோரம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் வெட்டுத் தொழிலாளி. எங்களுக்கென்று முக்கால் ஏக்கர் உண்டு, மற்றபடி அடுத்தவர் தோட்டத்தில் வெட்டு. வேதியியல் தாளில் மூன்று மதிப்பெண் கேள்வி ஒன்று: பார்மிக் அமிலம் டாலன்ஸ் கரணியை ஒடுக்குகிறது, அசிட்டிக் அமிலம் ஒடுக்குவதில்லை, ஏன்? (டாலன்ஸ் கரணி என்பது வெள்ளி உப்புக் கரைசல். ஆல்டிஹைடு அதை ஒடுக்கினால் கண்ணாடிச் சுவரில் வெள்ளி ஆடிபோல் படியும்.) "பார்மிக் அமிலத்தில் ஆல்டிஹைடு தொகுதி உள்ளது" என்று எழுதிவைத்தேன். புத்தகத்து வரி அப்படியே. முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் மொத்தத்தில் 150-க்கு 38.

தாள் கொடுத்த அன்று சாருக்கு என்ன தோன்றியதோ, என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். "இந்த ஒண்ணை மட்டும் சரியா எழுதியிருக்கியே. ஆல்டிஹைடு எங்க இருக்கு, காட்டு பாப்போம்" என்றார். எச்-சி-ஓ-ஓ-எச் என்று ஒரே வரியில் எழுதினேன். அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தேன். அதில் எங்கே என்று காட்ட? நின்றேன். சாக்பீஸ் விரலில் ஒட்டி வியர்வையில் கரைந்ததுதான் மிச்சம். "உனக்கு இது வராதுடே. அப்பன்கூட ரப்பர் வெட்டப் போ, அதாவது வரும்" என்றார். வகுப்பே சிரித்தது. என்னோடு சேர்த்து பத்துப் பேராவது வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களும் சிரித்தார்கள்.

ஆசிரியரைக் குறை சொல்கிறான் என்று யாரும் கிளம்பி வரவேண்டாம். அறுபது பேர் உள்ள வகுப்பு, அவருக்கும் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம். அவர் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். சொன்ன வார்த்தைதான் இருபது வருடமாகியும் போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. அப்பா வெட்டு முடித்துச் சிரட்டைகளில் இருந்து பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். அரித்து, தண்ணீர் கலந்து, அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட வேண்டும். எங்கள் ஊரில் ஆசிட் என்றால் அது ஒன்றுதான், வேறு பெயர் கிடையாது. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். கொஞ்சம் விட்டால் பால் வெண்ணெய்க் கட்டிபோல் இறுகும், பிறகு உருளையில் கொடுத்து ஷீட் அடிக்கலாம். அன்றைக்குக் கடையில் வேறு கம்பெனி கேன் கொடுத்துவிட்டார்கள். பழைய அளவு சரியாக வருமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். "மக்களே, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி" என்றார்.

பார்மிக் ஆசிட், 85 சதவீதம் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

பதினேழு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அந்த வாடையில்தான் வளர்ந்தேன். அப்பாவின் இடது மணிக்கட்டில் அந்த ஆசிட் பட்டு வெந்த தழும்பு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பயன்கள் என்ற தலைப்பின் கீழே "ரப்பர் பாலை உறையவைக்க" என்று ஒரு வரி இருந்தது. அதையும் சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன், திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கேனுக்குப் பத்தடி தள்ளி! இரண்டும் ஒன்று என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"அப்பா, இது எங்க பாடத்துல உள்ளது" என்றேன். "ஆசிட்டுல என்னத்த படிக்க இருக்கு?" என்றார் அப்பா. முந்தின நாள் மிச்சப் பால் ஒரு தட்டில் இறுகிக் கிடந்தது. ஆணி ஒன்றை எடுத்து அதன்மேல் வரைந்தேன். நடுவில் ஒரு கார்பன். கார்பனுக்கு நான்கு கை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இது மட்டும் எனக்குத் தெரியும். ஒரு கையில் ஹைட்ரஜன். இரண்டு கையால் ஒரு ஆக்சிஜனைப் பிடிக்கிறது, அது இரட்டைப் பிணைப்பு. மிச்சம் ஒரு கையில் இன்னொரு ஆக்சிஜன், அதன் மறுகையில் ஒரு ஹைட்ரஜன். ஒன்று, இரண்டு, ஒன்று. நான்கு, கணக்குச் சரி.

அப்போதுதான் தற்செயலாக என் உள்ளங்கை படத்தின் ஒரு பக்கத்தை மறைத்தது. தனியாக நின்ற ஹைட்ரஜன் மறைந்ததும் மீதித் தெரிந்தது அமிலத் தொகுதி. கையை மறுபக்கம் மாற்றி ஓ-எச்சை மறைத்தேன். கார்பன், அதோடு ஒரு ஹைட்ரஜன், இரட்டைப் பிணைப்பில் ஒரு ஆக்சிஜன். சார் கேட்ட ஆல்டிஹைடு அங்கே உட்கார்ந்திருந்தது. அசிட்டிக் அமிலத்தில் அந்த ஹைட்ரஜனின் இடத்தில் இன்னொரு கார்பன் வந்து உட்கார்ந்துவிடுகிறது, எந்தப் பக்கம் மறைத்தாலும் ஆல்டிஹைடு தெரியாது. அதனால்தான் அது வெள்ளி ஆடி தராது. மூன்று மதிப்பெண் கேள்விக்கு முழு விடை இவ்வளவுதான். (உடனிசைவு, எலக்ட்ரான் நகர்வு என்று கருத்துப் பகுதியில் கிளம்பாதீர்கள், அதெல்லாம் எனக்கும் தெரியும். கேட்டவர் பதினொன்றாம் வகுப்பு.)

ஷீட்டைக் கெடுத்ததற்கு அப்பாவிடம் திட்டு வாங்கினேன். உருளையில் கொடுத்ததும் என் கார்பன் நசுங்கி நீண்டு, வரிகளுக்குள் காணாமல் போனது.

இனி உங்கள் நான்கு பெயர்களுக்கு வருகிறேன். நான்கிலும் கார்பன் ஒன்றே ஒன்று, 'மெத்' என்றால் அதுதான் பொருள். மெத்தேனில் நான்கு கையிலும் ஹைட்ரஜன். ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஓ-எச் வைத்தால் மெத்தனால். இரண்டு ஹைட்ரஜனை எடுத்து அந்த இரண்டு கையாலும் ஒரு ஆக்சிஜனைப் பிடித்தால் மெத்தனேல். அதற்கு மேலே ஓர் ஓ-எச்சும் ஒரு ஹைட்ரஜனின் இடத்தைப் பிடித்தால் மெத்தனாயிக் அமிலம், அதாவது எங்கள் வீட்டு ஆசிட். தமிழில் மெத்தனாலும் மெத்தனேலும் ஒரே எழுத்து வித்தியாசத்தில் நிற்கின்றன. காதால் படித்தால் குழம்பத்தான் செய்யும், கையால் வரைந்தால் குழம்பாது.

அப்புறம், இந்த வரிசை சுவரில் ஒட்டிய சீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அவர்கள் உடம்புக்குள் நடந்தது இதே வரிசைதான். கல்லீரல் மெத்தனாலை மெத்தனேல் ஆக்குகிறது, மெத்தனேலை மெத்தனாயிக் அமிலம் ஆக்குகிறது. அந்த அமிலம் சேரச் சேர ரத்தம் புளித்துப்போய், கண் நரம்பு கெட்டு, பார்வை போய்விடுகிறது. எத்தனாலில் கார்பன் இரண்டு, அது உடம்பில் போய் முடிவது அசிட்டிக் அமிலத்தில், வினிகரில் இருப்பது அதுதான். ஒரு கார்பன் வித்தியாசத்துக்கு இவ்வளவு விலை. (எத்தனால் நல்லது என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம்.)

எறும்பையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் எறும்புக்குப் பார்மிகா என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்த அமிலம் என்பதால் அந்தப் பெயர். மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுமே முசுறு, அது கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் அதுதான். விடியற்காலை நெற்றி விளக்கோடு மரத்தடிக்குப் போய் முசுறுக் கூட்டில் தலையை இடித்தவர்களுக்கு மெத்தனாயிக் அமிலத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். அப்பா கடிவாயில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேய்ப்பார். அமிலத்துக்குக் காரம். அவர் மூன்றாம் வகுப்பு.

பெயர் மட்டும் போதாது, எது எதோடு கை கோத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். இதை வைத்து எத்தனை விதமாகக் கட்டலாம் என்று வரைந்து பாருங்கள். ஆக்சிஜன் ஓரத்தில் போனால் எத்தனால், 78 டிகிரியில் கொதிக்கும் திரவம். ஆக்சிஜன் இரண்டு கார்பனுக்கும் நடுவில் புகுந்தால் டைமெத்தில் ஈதர், அது பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடும், அறையில் வாயுதான். சாமான் அதேதான், கட்டியது வேறு. இதற்குத்தான் மாற்றியம் என்று பெயர் வைத்து ஒரு பாடமே போட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆலையில் தினமும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. தோட்டத்தில் இருந்து வரும் பாலில் கிருமிகள் சர்க்கரையைத் தின்று புளிக்கவைக்கும், நாங்கள் அம்மோனியா விட்டு அதைத் தடுப்போம். எவ்வளவு புளித்திருக்கிறது என்று பார்க்க, நீராவியில் வடித்து, காரத்தோடு தரம்பார்க்க வேண்டும், அதாவது அமிலம் தீர எவ்வளவு காரம் செலவாகிறது என்று அளக்க வேண்டும். அதில் முக்கியமாக வடிந்து வருபவை மெத்தனாயிக், எத்தனாயிக் (அதே அசிட்டிக்தான்), புரொப்பனாயிக் அமிலங்கள். ஒன்று, இரண்டு, மூன்று கார்பன். இப்படி ஒவ்வொரு கார்பனாகக் கூடிப் போகும் குடும்பத்தைப் படிவரிசை என்று நான் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்தது இப்போது குடுவைக்குள் வந்து சம்பளம் தருகிறது.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2011-இல் ஷீட் கிலோ 200 ரூபாய்க்கும் மேலே விற்றது. எங்கள் ஊரில் அந்த நம்பிக்கையில் வீடு கட்டியவர்கள், கல்யாணம் வைத்தவர்கள் எத்தனையோ பேர். 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே வந்தது. வெட்டுக்கூலி கொடுக்க முடியாமல் மரத்தை அப்படியே விட்டவர்கள் உண்டு. டயர் விலை அந்தக் கணக்குக்கு இறங்கியதாக யாராவது பார்த்தீர்களா? இதைக் கேட்டால் சந்தை, இறக்குமதி, பெட்ரோலியத்தில் இருந்து செய்யும் செயற்கை ரப்பர் என்று வகுப்பு எடுப்பார்கள். எல்லாம் சரி, வெட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் எப்போதும் காரணம் சொல்கிறார்கள், பணம் தருவதில்லை? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

சரி, வேலைக்கு வாருங்கள். அந்தச் சீட்டுகளைச் சுவரில் இருந்து கிழியுங்கள். மெத், எத், புரொப், பியூட் (ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கார்பன்) இந்த நான்கை மட்டும் மனதில் வையுங்கள், அதற்கு மேல் பென்ட், ஹெக்ஸ் எல்லாம் வெறும் எண்கள். பிறகு எந்தப் பெயர் வந்தாலும் படம் வரையாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். முதல் படத்தை நானே தருகிறேன்: 2-மெத்தில்பியூட்டா-1,3-டையீன். பயப்பட வேண்டாம், பின்னாலிருந்து படியுங்கள். டையீன் என்றால் இரட்டைப் பிணைப்பு இரண்டு, அவை ஒன்றாவது, மூன்றாவது கார்பனில் தொடங்குகின்றன. பியூட்டா என்றால் வரிசையில் நான்கு கார்பன். இரண்டாவது கார்பனில் கிளையாக ஒரு மெத்தில். இதற்கு ஐசோப்ரீன் என்று வீட்டுப் பெயர். இந்த அலகு ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்ததுதான் எங்கள் மரத்து ரப்பர்.

வரைந்துவிட்டு ஹைட்ரஜனை எண்ணுங்கள், எட்டு வரவேண்டும். ஒன்பது வந்தால் இரண்டாவது கார்பனுக்கு ஐந்து கை கொடுத்திருப்பீர்கள், போய்ப் பாருங்கள். வராவிட்டால் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். விடுமுறை நாள் காலையில் மட்டும் பதில் வராது. அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, முக்கால் ஏக்கர் வெட்டு இப்போது நான்தான். சார் சொன்னது பலித்துவிட்டது.